அப்பாவின் பக்கத்தில் ஒரு வரி

இறந்துபோன அப்பாவின் விக்கிப் பக்கத்தில் இருப்பதைத்தான் கூடத்தில் வைத்திருக்கும் பேசும் கணினிப் பெட்டி அவர் குரலில் பேசும். விக்கியில் எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சொன்னபடி, தயங்காமல் ஒரு வரி சேர்த்தேன்: "இறப்பதற்கு முன் மகன் நவநீதனை மன்னித்தார்." சான்று இல்லை. என் ஊகம், ஊகம்கூட இல்லை, ஆசை.

இன்று அம்மா பெட்டியிடம் கேட்டாள்: "நவநீ மேல இன்னும் கோபமாங்க?"

"அவனை எப்பவோ மன்னிச்சுட்டேன், கமலி. வரச் சொல்லு."

அம்மா போனில் சொன்னதும், பதினொரு வருடமாக வராத அண்ணன் பஸ் ஏறிவிட்டான்.

சான்றில்லாததை நீக்க வேண்டும் என்பதும் வகுப்பில் சொன்னதுதான். பக்கத்தைத் திறந்தேன். என் வரிக்குக் கீழே அம்மா சான்று சேர்த்திருந்தாள்: "அவரே என்னிடம் சொன்னார்."

நீக்கும் பொத்தான்மேல் விரல் நிற்கிறது. கூடத்தில் அப்பா கேட்கிறார்: "நவநீ எதுவரைக்கும் வந்திருக்கான்?"