ஒன்பது நாள் விடுப்பு

கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

பள்ளிக்கூட வராந்தா. வெளியே சாரல். உள்ளே சௌந்தரம் டீச்சரின் படத்துக்கு யாரோ மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் அஞ்சலிக் கூட்டம் தொடங்கிவிடும்.

"நான் செல்லக்கனி. டீச்சர்கிட்ட படிச்சவ. நீங்க அவங்க மக தேனக்காதான?"

தேன்மொழி தலையாட்டினாள். காலையிலிருந்து எத்தனையோ பேருக்குத் தலையாட்டியாகிவிட்டது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான். டீச்சர் எங்களுக்கு அம்மா மாதிரி.

சிலர் 'மாதிரி'யையும் விட்டுவிட்டார்கள்.

"மூணாப்பு படிக்கிறப்ப எனக்கு அம்மை போட்டுச்சுக்கா. எங்கம்மா அப்பத்தான் தம்பியப் பெத்துக் கெடந்தா. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு, ஒத்த ரூமு. பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கும்னு டீச்சர் என்னய அவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

மலையில் வேப்பமரம் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து வரும் முதல் பேருந்தில் கண்டக்டர் தினமும் ஒரு கொத்து கொண்டுவந்து கொடுப்பாராம். உடம்பு அரிக்கும்போதெல்லாம் டீச்சர் அந்தக் கொத்தால் முதுகை வருடிக்கொண்டே இருப்பாராம்.

அந்த முதல் பேருந்து தேன்மொழியின் விடுதி வாசலைத் தாண்டித்தான் மலையேறும்.

அப்பா இல்லாத பிள்ளை. மலையில் படித்தால் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் என்று அம்மா அவளை இரண்டாம் வகுப்பிலேயே அந்த விடுதியில் சேர்த்திருந்தாள்.

"ஒம்பது நாள் லீவு போட்டாங்கக்கா. எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தின பொறவுதான் ஸ்கூலுக்கே போனாங்க."

"லீவா?"

கேட்ட பிறகுதான் தன் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

"ஆமாக்கா. டீச்சர் லீவு போட்டது அந்த ஒரு தடவதான்னு ஆயாம்மா சொல்லும்."

தேன்மொழி கையை உருவிக்கொண்டாள்.

ஆறாம் வகுப்பில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா சனிக்கிழமை வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலைப் பேருந்தில் கிளம்பிவிட்டாள்.

"அங்க புள்ளைங்க காத்துட்டிருக்கும் தேனு."

இங்கே ஒரு பிள்ளை கிடக்கிறதே என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அம்மா கோவைக்கு, தேன்மொழியின் வீட்டுக்கு வந்தாள். பேத்திக்காக வந்தாள். இனியாவுக்குத் தலை பின்னினாள். சோறு ஊட்டினாள். இனியாவுக்கு அம்மை போட்டபோது அறைக்கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டாள்.

"தேனு, உனக்கு வந்ததேயில்ல. நீ உள்ள வராத."

இளநீரைக் கதவோரம் வைத்துவிட்டுத் தேன்மொழி வெளியே நின்றாள். உள்ளே இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

பெற்ற மகள்மேலேயே வயிறு எரிந்தது. யாரிடம் சொல்ல முடியும்?

"முதலில் டீச்சரின் மகள் பேசுவார்," என்றார் தலைமையாசிரியர் மைக்கில்.

அவள் மேடையேறினாள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் இனியா, அழுது வீங்கிய கண்களோடு. அவளுக்கு அடுத்து செல்லக்கனி, நாலாக மடித்த தாளோடு.

தேன்மொழியிடமும் ஒரு தாள் இருந்தது. அம்மா பிறந்த வருடம். வேலையில் சேர்ந்த வருடம். வாங்கிய விருது.

அதை அவள் பிரிக்கவில்லை.

"எட்டு வயசுல எனக்கு அம்மை போட்டுச்சு," என்றாள்.

இனியா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹாஸ்டல்ல வச்சுக்க மாட்டேன்னுட்டாங்க. அம்மா என்னை இங்க தூக்கிட்டு வந்தாங்க. இங்க வேப்பமரம் கிடையாது. பஸ்ல சொல்லி வரவழைச்சாங்க. அரிக்கும்போதெல்லாம் முதுகுல வருடிக்கிட்டே இருப்பாங்க. ஒம்பது நாள். எனக்காக ஒம்பது நாள் லீவு போட்டாங்க."



முதுகில் ஈர இலைகள் உரசுவதுபோல் இருந்தது அவளுக்கு. அம்மா போய்ப் பதினாறு நாளாகிறது. அழுகை அப்போதுதான் வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ கைத்தாங்கலாகக் கீழே இறக்கிவிட்டார்கள்.

"அம்மா..." என்று தொடங்கிய இனியா நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து செல்லக்கனியைக் கூப்பிட்டார்கள்.

அவள் உடனே எழவில்லை. மடியிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தாள். திரும்பித் தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி தரையைப் பார்த்தாள்.

பிறகு செல்லக்கனி எழுந்துபோனாள். தாளை முன்போலவே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தகரக்கூரையில் சாரல் கொஞ்சம் வலுத்தது.

"அக்கா சொன்னது நெசந்தான்," என்றாள் செல்லக்கனி. "ஜன்னலுக்கு வெளிய நின்னு நான் பாத்துருக்கேன். தெனமும் வந்து நின்னு பாப்பேன்."

இடுப்பில் செருகிய தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா மேல அப்ப எனக்கு அம்புட்டுப் பொறாமையா இருக்கும்."

கைதட்டினார்கள்.

இனியா தட்டவில்லை. மைக்கின் முன்னால் நின்றவளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருவத்துக்கு மேலே இரண்டு சின்ன அம்மைத் தழும்புகள்.