யாரும் கவனிக்காத ஆள்

“பொண்டாட்டிக்குத்தானே பிரசவம்? இவனுக்கு எதுக்கு மூணு நாள் லீவு? இவனா முக்கப் போறான்?”

வெஸ்லி நோவிக்கி போனில் கத்தியதைக் கேட்டு, எதிரே வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். பிரசவ வார்டில், அதுவும் தன் மனைவி வலியோடு படுத்திருக்கும் அறையின் வாசலில் நின்று ஒருவன் பேசுகிற பேச்சா இது?

லீவு எடுத்தவன் வெஸ்லியிடம் வேலை பார்ப்பவன் அல்ல. டிராவிஸ் ஹெல்ம் பெரிய பேஸ்பால் ஆட்டக்காரன். வெஸ்லி என்று ஒருவன் இருப்பதே அவனுக்குத் தெரியாது. வெஸ்லியும் இன்னும் ஒன்பது பேரும் போனில் ஆளுக்கொரு கற்பனை அணி நடத்துகிறார்கள். நிஜ ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள்; ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அந்த ஆள் மைதானத்தில் அடித்தால், எடுத்தவருக்கு இங்கே புள்ளி ஏறும்.

இன்றோடு சீசன் முடிகிறது. கடைசி இடத்துக்கு வருபவர் சனிக்கிழமை முழுக்கக் கோழி வேஷம் கட்டி, டொலிடோ நகரின் பெரிய நாற்சந்தியில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெஸ்லிக்குக் கீழே இருந்தது ஒரே ஓர் அணி, ‘சோம்பேறிப் பூனை’. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி.

“மூணு மணிக்கு எல்லா ஆட்டமும் ஆரம்பிச்சிடும் மச்சான். அதுக்குள்ள ஹெல்ம் எடத்துல வேற ஆளப் போடு. இல்லாட்டி இறகு ஒட்ட ஆரம்பி,” என்று மறுமுனையில் சிரித்தான் டக். வெஸ்லியின் மனைவி மாரீனுக்குத் தம்பி; இந்தக் கற்பனை லீக்கை நடத்துகிறவனும் அவன்தான்.

“அந்தப் பூனை யாருன்னு மட்டும் சொல்லித் தொலைடா. நான் கண்டுபிடிக்கிற ஆளையெல்லாம் கவ்விட்டுப் போகுது.”

“எனக்கு வேண்டியவங்கதான். பேரச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.”

எவரும் சீந்தாத ஆட்டக்காரனைத் தேடிப் பொறுக்கும் கண் தனக்கு உண்டு என்பது வெஸ்லியின் பெருமை. அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஒன்பதாம் இடத்துக்கு எப்படி வந்தான் என்று யாரும் கேட்டதில்லை. தினமும் காலையில் அந்தப் பெயர்களை அவன் வாய்விட்டுப் படிப்பான். எதிரே மாரீன் கொட்டாவி விட்டபடி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள்.

கால் மணி நேரத் தேடலில் சிக்கினான் ஆர்லாண்டோ கமார்கோ. தோற்றே பழகிய ஓர் அணியில், விக்கெட் கீப்பர் மாதிரி பந்து பிடிக்கும் கேட்சர்கள் மூவரில் மூன்றாமவன். மாதக் கணக்கில் பெஞ்சைத் தேய்த்தவன். மற்ற இருவருக்கும் இன்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எதிரணியில் பந்து வீசப்போகிறவன் இடக்கையன். இடக்கைப் பந்தென்றால் கமார்கோ வெளுத்து வாங்கிவிடுவான்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெஸ்லிக்குத் தலை வெடித்துவிடும். அறைக்குள் ஓடினான்.

“மாரீன், கமார்கோன்னு ஒருத்தன்! உலகத்துல ஒருத்தனும் பாக்கல. நான் புடிச்சிட்டேன்!”

சேர்க்கும் பட்டனை அழுத்தப் போன கையை அவள் இறுகப் பற்றினாள். ஒரு வலி வந்து, முறுக்கி, மெல்ல இறங்கியது.

“ஐஸ்,” என்றாள். “நாக்கு வறண்டு போச்சு வெஸ். ஓடு. கட்டியா வேண்டாம், பொடி ஐஸ். போறதுக்கு முன்னாடி சார்ஜர்லேர்ந்து என் போன எடுத்துக் குடு. அம்மா கூப்பிடுவாங்க.”

ஐஸ் மெஷின் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது. அது கடமுடவென்று பொடித்துத் துப்பியதும், கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டனைத் தட்டினான். திரையில் ஒரே வரி: கமார்கோவை ‘சோம்பேறிப் பூனை’ எடுத்துக்கொண்டது.

“டேய் டக், அந்தப் பூனை என் போன ஒட்டுக் கேக்குதுடா!” என்று மறுபடியும் போனில் கத்தினான்.

“கோழி டிரெஸ் என்ன சைஸ் மச்சான்? லார்ஜா?”

மணி மூன்றாகச் சில நிமிடங்களே இருந்தன. வேறு யாராவது, நிற்கவும் நடக்கவும் தெரிந்த எவனாவது அகப்படுவானா என்று விரல் ஓடிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் தாழ்வாரம் அதிரக் கூப்பிட்டாள்.

“மிஸ்டர் நோவிக்கி! உங்களுக்காகக் கொழந்த காத்துட்டிருக்காது!”

வெஸ்லி திரையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினான். ஹெல்மின் இடம் காலியாகவே போனது.

நாலரைக்கு மகள் பிறந்தாள். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். சிவந்து சுருங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் வெஸ்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெல்ம் எதற்கு லீவு கேட்டான் என்பது இப்போதுதான் புரிந்தது. மூன்று நாள் எந்த மூலைக்கு?

“நான் ஒரு மடையன் மாரீன்,” என்றான். “பக்கத்துல நீ இப்படித் துடிச்சிட்டிருக்கே, நான் எவனெவனையோ தேடிட்டு நின்னேன். கோழி வேஷம்தானே, போட்டுட்டுப் போறேன். இனிமே அந்த ஆட்டத்துக்காக போனத் தொடவே மாட்டேன்.”

மாரீன் களைப்போடு சிரித்தாள். அருகே வரச்சொல்லி விரலை அசைத்தாள். குழந்தைக்குப் பெயர் சொல்லப்போகிறாள் என்று அவன் காதைக் கொடுத்தான்.

“இந்த ஒரு தடவ தொடு வெஸ். கமார்கோ அடிச்சானான்னு பாத்துச் சொல்லு,” என்றாள். “பூனை நான்தான்.”