நாலாவது பெட்டி

"நாலாவதா ஒண்ணு ஓடுதே, இது யாரோட பெட்டி?"

காளிமுத்து திரையில் விரலால் குத்தினார். மட்டாஞ்சேரியில் அவருடைய மிளகாய் மண்டிக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. பில்லுக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அவருக்குத் தெரிந்து மூன்றுதான்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஷீஜா சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். "அதை மட்டும் தொடாதீங்க அண்ணாச்சி."

"என் கடை, என் மெஷின், என் கரண்ட். எனக்குத் தெரியாம எவனுக்கு ஓட்டுறே?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப திறந்து காட்டு."

அவள் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கலூர் ஹோட்டல் ரமேஷ்பாபு. "அண்ணாச்சி, நாளைக்குப் பத்து மூட்டை கூடுதலா வேணும்." அவ்வளவு பணிவு.

"பார்த்தியா?" போனை வைத்தார் காளிமுத்து. "காலையிலதான் இந்த மெஷின்ல இருந்து அவனை நாறடிச்சு மெசேஜ் போட்டேன். இப்ப எப்படிப் பம்முறான் பாரு. மூட்டை தூக்கி வந்தவன் நான். அதட்டினாத்தான் யாவாரம். உனக்குத்தான் உறைக்கல. ஏழு தடவை வராதேன்னு மெசேஜ் அனுப்பிட்டேன், மறுநாள் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து நிக்கிறே."

"மறுநாள் நீங்களும் ஒண்ணும் நடக்காத மாதிரிதானே சாயா சொல்றீங்க."

உச்சந்தலைக்கு ஏறியது அவருக்கு. மவுஸைப் பிடுங்கி நாலாவது பெட்டியை நிறுத்தினார். சிவப்பு. அதே சூட்டில் மெசேஜ் தட்டி அனுப்பினார்: 'ஷீஜா, உன் திருட்டு வேலை போதும். நாளையிலிருந்து வராதே.'

அவள் கைப்பைக்குள் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"இது வந்து சேர்ந்துடுச்சு அண்ணாச்சி. இனி நீங்களே திறந்து பாருங்க, பெட்டியோட பேரைத் தட்டினா போதும்."

பையை மாட்டிக்கொண்டு பள்ளுருத்தி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிட்டாள்.

தட்டினார். இரண்டு வருஷமாக அவர் கோபத்தில் எழுதியதெல்லாம் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அனுப்பவில்லை'.

எல்லாவற்றுக்கும் மேலே, காலையில் ரமேஷ்பாபுவுக்குப் போட்டது: 'உன் ஹோட்டலுக்கு இனி ஒரு மிளகாய் கிடையாது, போடா.'

கீழே கீழே போனார். அவருடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவர் பாக்கியில்லை.

ஷீஜா பேருக்கும் ஏழு இருந்தன.

எட்டாவது மட்டும் அதில் இல்லை.