முப்பத்தைந்து டிகிரி நலம்

மனிதனுக்கும் தேனீக்கும் நடுவே பல்லாயிரம் ஆண்டுகளாக நிலவிய மௌனம், 1984 சித்திரையில், ஒத்தக்கடைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் கலைந்தது.

கலைத்த கருவி இரண்டு டார்ச் செல்லில் ஓடியது.

தேன்பெட்டிக்குள் ஒரு கம்பி, வெளியே ஒரு மீட்டர். உயிரோடு இருக்கும் கூட்டம் தன் கூட்டுக்குள் முப்பத்தைந்து டிகிரி சூட்டைக் காக்கும். முள் அங்கே நின்றால், நலம். கம்பி அசையக்கூடாது என்பதால் மூடிக்கு அரக்கு வைத்துச் சீல் போட்டிருந்தார் தல்லாகுளம் தேனீ வளர்ப்பு அலுவலக உதவி ஆய்வாளர் முத்திருளன்.

பெட்டி சர்க்காருடையது. தேனீக்கள் ராக்கம்மாளுடையவை. அழகர்மலை அடிவாரத்துப் புளியமரப் பொந்தில் கையை விட்டு, முகம் வீங்க, அவளே பிடித்துவந்த கூட்டம். வேறு கூட்டம் அவளிடம் இல்லை.

பதினெட்டு நாளாக முத்திருளன் காலை பதினொரு மணிக்கு வந்து, முள்ளைப் பார்த்து, ‘நலம்’ என்று எழுதிப் போனார்.

பத்தொன்பதாம் நாள் ராக்கம்மாள் ஒரு சொம்பு சீனிப்பாகோடு பெட்டியருகே நின்றாள்.

“பூவே இல்லாத கோடை சார். தூக்கிப் பாருங்க, பெட்டி கனமே இல்ல. ஒரு வாரமாக் கத்துறேன். மூடியத் தொறங்க, இம்புட்டுப் பாகு ஊத்திக்கிறேன். வாசல்ல ஒரு ஈயக் காணோம்.”

“வெயிலுக்கு உள்ள படுத்திருக்கும்மா. முள்ளப் பாரு, முப்பத்தஞ்சு. ஒன்னயவிட நல்லா இருக்கு. சீல ஒடச்சா மேல நான்ல பதில் சொல்லணும்?”

அவள் முள்ளைப் பார்க்கவில்லை. அரிவாள் நுனியால் அரக்கைப் பெயர்த்தாள்.

தேனீக்கள் காலி அறைகளுக்குள் தலையை விட்டபடியே செத்திருந்தன. ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். விரலில் பொடிந்தது.

முத்திருளன் மீட்டரைத் தட்டினார். முப்பத்தைந்து.

கம்பியை உருவி, தென்னை நிழலில் தொங்கவிட்டார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்.

முப்பத்தைந்து.

“அப்ப மரமும் நலந்தான்னு எழுதிக்கங்க,” என்றாள் ராக்கம்மாள். சொம்பை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

அவர் கருவியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

கருவியைச் சோதித்து ஒப்புதல் வாங்கியது கொடைக்கானலில், மார்கழிக் குளிரில்.