கைமா உருண்டை

முட்டுக்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய சைதூன், இலைப் பொட்டலம் ஒன்றை அண்ணி ஹபீபாவின் முன்னால் வைத்தாள்.

"மாட்டுக்கறி அண்ணி. நல்லதா பார்த்து வாங்கினு வந்தேன்."

ஹபீபா நிமிரவில்லை. பலகையில் வான்கோழித் தொடைக்கறியைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக்கூட வான்கோழிதானா? எங்க அண்ணனுக்கு மாட்டுக்கறி உருண்டைன்னா உசுராச்சே."

"நெஞ்சுவலி வந்தப்பவே டாக்டர் அதைத் தொடக்கூடாதுன்ட்டார். மூணு வருசமா இதான் கைமா. மிளகைத் தூக்கலா போட்டு, கறுக்கப் பொரிச்சு, மாட்டுக்கறின்னு சொல்லித்தான் வெப்பேன். ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல. இன்னும் ரெண்டு வைன்னு கேட்டு வாங்கித் துன்னுவார்."

கத்தி பிடித்திருந்த அந்தக் கையைச் சைதூன் மெல்லப் பற்றினாள்.

"இனிமே இன்னா பத்தியம் அண்ணி? அண்ணன் போயி இன்னிக்கு நாப்பதாம் நாள் பாத்திஹா. அவருக்குப் புடிச்சதை வெச்சுத்தானே ஓதணும்?"

கூடத்தில், ஓத வரும் ஹஜரத்துக்காக யாரோ பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஹபீபா பொட்டலத்தைப் பார்த்தாள். பிரிக்கப்போவது போல நூலில் விரல் வைத்தாள். பிறகு அதை அப்படியே நாத்தனார் பக்கமாக நகர்த்திவிட்டாள்.

"வேணாம் சைதூன். இன்னிக்கு நெசமான மாட்டுக்கறியை வெச்சா, மூணு வருசமா நான் ஏமாத்தினது அவருக்குத் தெரிஞ்சிடும்."