ஒரு சாதகம் குறையுது

"அனுப்பினது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொண்டு. வந்தது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. மற்றது எங்கை?"

ஆழ்வாப்பிள்ளை திரையை விரலால் குத்தினார்.

யாழ்ப்பாணத்தில் அவர் நடத்திய கொம்பியூட்டர் சாதக நிலையத்துக்கு, எண்பத்தொன்பதாம் ஆண்டில், புதிய கொம்பியூட்டர் ஒன்று வந்திருந்தது. டொஸ் என்ற சிஸ்டத்தில் ஓடுவது. பழையதன் சிஸ்டம் வேறு; அதன் பிளொப்பியைப் புதியது வாசிக்காது. இரண்டையும் வயரால் இணைத்து, பழைய டிஸ்க்கில் இருந்த சாதகங்களை ஒவ்வொன்றாகப் புதிய டிஸ்க்குக்கு அனுப்ப, அங்கே வேலை செய்த பத்மாசினிக்குப் பதினெட்டு நாள் பிடித்தது.

"இடையிலை கறண்ட் நிண்டதெல்லே, ஐயா. அதிலை போயிருக்கும்."

"பழைய டிஸ்க்கிலை பாரும்."

"விக்கிறதுக்குத் துடைக்கச் சொன்னது நீங்கள்தானே. நேற்றே துடைச்சாச்சு."

"துடைக்கிறதிலை மட்டும் உமக்கு நல்ல சுறுசுறுப்பு!"

பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காணாமற்போனது அளவெட்டித் தங்கமுத்துவின் மகளுடையது. ஏழில் செவ்வாய்; செவ்வாய்க் குற்றம். மூன்று சம்பந்தம் அதனாலேயே குழம்பிப் போயிருந்தது.

அன்று பின்னேரமே மகளின் சாதகப் பிரதி கேட்டுத் தங்கமுத்து வந்து நின்றாள். அது தொலைந்ததைப் பத்மாசினி சொன்னாள்.

"ஐயோ பிள்ளை, வீட்டுக் கொப்பியும் எண்பத்தேழிலை சண்டைக்குப் பயந்து ஓடேக்கை எரிஞ்சு போச்சே. நாலாவதா ஒரு இடம் பொருந்தி வருது. நாளைக்குச் சாதகம் கேட்டு வருகினம்."

"அழாதேங்கோ அக்கா. பிறந்த நேரத்தைச் சொல்லுங்கோ, திருப்பிக் கணிச்சுத் தாறன்."

"விடியப் பூசை மணி அடிக்க முன்னம் பிறந்தவள்."

பத்மாசினி தட்டச்சை நிறுத்தினாள்.

"முன்னமோ? நல்லா யோசியுங்கோ. நோவோடை கிடந்தனீங்கள். பின்னமாயும் இருக்கலாமெல்லே?"

தங்கமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"எவ்வளவு பின்னம், பிள்ளை?"

"ஒரு கால் மணித்தியாலம்."

"ஓம்... ஓம். கால் மணித்தியாலம் பின்னந்தான். இப்பதான் ஞாபகம் வருது."

லக்கினம் மாறியது. செவ்வாய் ஆறாம் இடத்துக்குப் போனது. குற்றமில்லை.

தங்கமுத்து அச்சிட்டு வந்த தாளை நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, விறுவிறென்று படியிறங்கிப் போனாள்.

உள்ளறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆழ்வாப்பிள்ளை வெளியே வந்தார்.

"கறண்டிலை போனதோ, நீர் வேணுமெண்டு போக்காட்டினதோ?"

பத்மாசினி மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"எனக்கு விளங்குது. முப்பத்தெட்டு வயசாகியும் கலியாணமில்லை. உமக்கும் உதே குற்றம். ஊராற்றை சாதகத்திலை கை வைச்ச ஆள், உம்மடையை விட்டு வைச்சிருப்பீரோ? அதைத் திருத்தத்தான் உந்தப் பதினெட்டு நாளும்! எழும்பும், பாப்பம்."

அவள் எழுந்து ஒதுங்கி நின்றாள். அவர் கதிரையில் உட்கார்ந்து, பத்மாசினியின் பெயரைத் தேடித் திறந்தார்.

பிறந்த நேரம் ஒரு நிமிடமும் மாறியிருக்கவில்லை. செவ்வாய் ஏழிலேயே இருந்தது.