கடைசிச் சக்கரம்

வெளிநாட்டுக்குக் கப்பலேற வந்த பாய்லர், இரண்டு மாடி வீட்டைப் படுக்க வைத்தாற்போலத் துறைமுகத்தில் டிரெய்லர் மேல் கிடந்தது. அதற்கான காகிதங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. எலுமிச்சம்பழம்தான் ஒன்று குறைந்தது. "சக்கரத்துக்கு ஒண்ணு வச்சு நசுக்கினாத்தான் வண்டிய எடுப்பேன் சார். ஒரு சக்கரம் கோவிச்சுக்கிட்டா மத்த தொண்ணூத்தஞ்சும் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்க" என்றார் டிரைவர் மாசானமுத்து. கப்பல் ஏஜென்ட் அருள்தாஸ் கடைத்தெருவையே வழித்துக்கொண்டு வந்திருந்தார். இனி ஊரில் பழமில்லை. பாய்லரை விட்டுவிட்டுக் கப்பல் போனால் அதன் பின்னாலேயே அவர் வேலையும் போகும். கத்துவதற்கென்றே இறங்கி வந்த வெள்ளைக்காரக் கேப்டனை அருள்தாஸ் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த வெறும் சக்கரத்தைக் காட்டினார். கேப்டன் சக்கரத்தைப் பார்த்தார், மாசானமுத்துவின் முகத்தைப் பார்த்தார், கப்பலை நோக்கி ஏதோ கூவினார். கப்பலின் சமையல்காரர் உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஏந்தியபடி ஏணியில் இறங்கினார். அருள்தாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசிப் படியருகே நின்றிருந்த சுங்க அதிகாரி கையை நீட்டித் தடுத்து, பழத்தை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த நாட்டுப் பழம்?" என்றார்.